சபூராவின் பயத்தைத் தூங்கவைத்தபோது

பிரசவ அறை வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம் முதலில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டு விடுகிறேன். பல வருடங்கள் நான் வலியில் கிடந்த பெண்களை அதட்டியிருக்கிறேன். 'கத்தாதே', 'வாயை மூடு', 'ஊரில் உனக்கு மட்டும்தான் வலிக்குதா' என்று தொடங்கி, இங்கே எழுத முடியாதவை வரை. அதட்டினால் குழந்தை சீக்கிரம் வரும் என்று எந்த வகுப்பிலும் சொல்லித்தரவில்லை. எங்களுக்கு மூத்த நர்சுகள் அதட்டினார்கள், நாங்களும் அதட்டினோம். வெந்நீர் வைப்பது, துணி மடிப்பது போல அதுவும் வேலையில் சேர்த்தி என்று நினைத்திருந்தேன்.

அந்தப் பழக்கத்தை நான் விட்டதற்குப் பக்கத்து வீட்டுச் சமையலறை ஜன்னல்தான் காரணம்.

எழுபதுகளின் கடைசி அது. கொச்சியில், மட்டாஞ்சேரி பஜாரை ஒட்டிய ஒரு சந்தில் பத்துக் கட்டில் போட்ட சின்ன நர்சிங் ஹோம். அதை நடத்தியவர் ஒரு பெண் டாக்டர். நாங்கள் அவரைப் பெரிய டாக்டர் என்போம். உயரம் ஐந்தடிகூட இருக்காது. ஒரு நாளைக்குப் பதினைந்து சாயா குடிப்பார். யாரையும் பாராட்ட மாட்டார். என் அப்பா திருநெல்வேலியிலிருந்து சுக்கு, மிளகு கிடங்கு வேலைக்கு வந்தவர். நான் பிறந்து வளர்ந்தது, மலையாளம் படித்தது எல்லாம் இங்கேதான். ஆனாலும் தமிழ் பேசும் பெண் யாராவது பிரசவத்துக்கு வந்தால், பெரிய டாக்டர் என்னைத்தான் முன்னால் தள்ளுவார்.

ஆபரேஷன் நாட்களில் எர்ணாகுளத்திலிருந்து ஓர் இளம் மயக்க டாக்டர் வருவார். நல்ல மனிதர், கொஞ்சம் ஆர்வக்கோளாறு. ஒருமுறை பம்பாய்க்குப் போய் இரண்டு வாரப் பயிற்சி எடுத்துவிட்டு வந்தார். போனது மயக்க மருந்து டாக்டர், வந்தது ஹிப்னாடிசக்காரர். முதல் பிரசவத்துக்கு முன்னால் பெண்களுக்கு இருக்கிற பயத்தை மருந்தே இல்லாமல் பேச்சாலேயே இறக்கிவிடலாம் என்றார். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். திருவிழா மேடையில் தொப்பிக்காரன் ஒருவன் ஆளைத் தூங்கவைத்து வெங்காயத்தை ஆப்பிள் என்று தின்ன வைத்ததை நாங்கள் எல்லோருமே பார்த்திருந்தோம்.

முதல் சோதனை ஒரு மீன் வியாபாரியின் மனைவிக்கு நடந்தது. டாக்டர் குரலைத் தாழ்த்தி, கண் இமைகள் கனக்கின்றன, கைகள் கனக்கின்றன என்று கால் மணி நேரம் பேசினார். கடைசியில் அந்தப் பெண் கண்ணைத் திறந்து, "டாக்டரே, அந்தச் சேச்சி ஒறங்கிப்போயி" என்றாள். திரும்பிப் பார்த்தால், மூலையில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த எங்கள் ஆயா தலை தொங்கக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள். பெரிய டாக்டர் எழுந்து போய் ஒரு சாயா குடித்தார்.

இந்தச் சமயத்தில்தான் சபூரா வந்தாள்.

வந்தாள் என்று சொல்வதுகூடத் தப்பு. அவள் வீடு எங்கள் சுவருக்கு அடுத்த சுவர். கீழே மாமனாருடைய வத்தல் மிளகாய் மண்டி, மேலே வீடு. நடுவில் இருந்த இடைவெளியில் இரண்டு பேர் குடை விரித்து ஒரே நேரத்தில் நடக்க முடியாது. பாலக்காட்டுப் பக்கம் தமிழ் பேசும் ராவுத்தர் குடும்பத்துப் பெண், வயது இருபது. முதல் பிரசவம் தாய்வீட்டில் என்பதுதான் வழக்கம். ஏழாம் மாதத்திலேயே பிரஷர் ஏறியிருந்ததால், அவ்வளவு தூரம் பஸ்ஸில் போகக் கூடாது என்று பெரிய டாக்டர் தடுத்துவிட்டார். பிரசவம் இங்கேதான் என்று தெரிந்த நாளிலிருந்து அவள் சரியாகச் சாப்பிடவில்லை. எங்கள் வாசல்படியை மிதித்தாலே நெஞ்சு அடித்துக்கொண்டது. அடுத்தமுறை பார்த்தபோது பிரஷர் இன்னும் கூடியிருந்தது.

காரணத்தை அவளுடைய மாமியார் சொன்னார். கல்யாணமாகி வந்த ஒன்றரை வருடமும் சபூரா சமைத்தது எங்கள் பிரசவ அறைக்கு நேர் எதிரே இருந்த அடுக்களையில். எங்கள் அறையில் யார் கத்தினாலும் அது அவள் அடுப்படிக்குத்தான் போகும். காதில் பஞ்சு வைத்துக்கொண்டு சமைத்துக்கொண்டிருந்தாளாம்.

மயக்க டாக்டருக்கு முகம் மலர்ந்துவிட்டது. இப்படி ஒரு ஆளைத்தான் அவர் தேடிக்கொண்டிருந்தார். ஆனால் மாமியார் சம்மதிக்கவில்லை. மருமகள் ஓர் ஆண் முன்னால் கண்ணை மூடிப் படுப்பதா? அதோடு இது மந்திரவாதம் இல்லையா? பெரிய டாக்டர் நிதானமாகப் பதில் சொன்னார்: "மந்திரவாதம்னா பலிச்சிரும் உம்மா. இது பலிக்குமான்னு எனக்கே தெரியல." என்ன காரணமோ, அந்தப் பதில் மாமியாருக்குத் திருப்தியாக இருந்தது. பெண் ஒருத்தி செய்தால் சரி, அதுவும் தமிழில் செய்தால் சரி என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

மயக்க டாக்டர் ஒரு வாரம் எனக்குச் சொல்லிக்கொடுத்தார். மூச்சை எப்படிக் கவனிக்கச் செய்வது, குரலை எப்படி ஒரே மட்டத்தில் வைத்திருப்பது, இது தூக்கம் அல்ல, கவனம் ஒரே இடத்தில் குவிந்திருக்கும் ஒரு நிலை, விரும்பாத எதையும் யாரையும் செய்யவைக்க முடியாது, இப்படியெல்லாம். இங்கிலீஷில் டைப் அடித்த ஒரு தாளும் கொடுத்தார். கடற்கரை, வெண்மணல், மெல்ல வரும் அலைகள் என்று அதில் இருந்தது. வீட்டில் என் கணவரிடம் வாசித்துப் பார்த்தேன். இரண்டாவது வரியிலேயே தூங்கிவிட்டார். அவரை வைத்து எதையும் முடிவுசெய்ய முடியாது. ராத்திரிச் சாப்பாடு முடிந்தால் அவருக்குச் செய்தி வாசித்தாலே போதும்.

முதல் நாள். பின்பக்க அறையில் ஜன்னலைச் சாத்தி, மாமியாரைக் கதவுக்கு வெளியே நாற்காலியில் உட்காரவைத்தேன். சபூரா படுத்தாள். நான் தொண்டையைச் சரிசெய்துகொண்டு, உடம்பெல்லாம் இளகுது, மனசெல்லாம் இளகுது என்று ஆரம்பித்தேன். அவள் ஒரு கண்ணை மட்டும் திறந்தாள்.

"சிஸ்டரே, 'வாய மூடு'ன்னு ஏசுறது நீங்கதானே?"

அவள் கோபமாகக் கேட்கவில்லை. கடையில் பார்த்த ஆளை அடையாளம் கண்டுகொண்டதுபோல, சும்மா கேட்டாள்.

"நேத்து மத்தியானம் ஒரு பொண்ணு உம்மாவக் கூப்பிட்டா. உன் உம்மாவா வந்து பெத்துக் குடுப்பான்னு நீங்க கேட்டீங்க. நான் மீன் கழுவிட்டிருந்தேன். மீன அப்படியே போட்டுட்டு உள்ள போய்ட்டேன்."

வேறு சிஸ்டரை வரச் சொல்லட்டுமா என்று கேட்டேன். "வேண்டாம். பெறப் போறப்ப உள்ள நீங்கதானே இருப்பீங்க? பின்னே உங்ககிட்டதான் எனக்குப் பேடி மாறணும்" என்றாள்.

பேடி என்றால் பயம். ஒன்றரை வருடமாக அவளுக்கு நான் ஊட்டிவிட்ட பயம். பிரஷர் எடுக்கும் கருவியைக் கொண்டுபோய் அவள் கையில் கட்டி, ஏன் ஏறியிருக்கிறது என்று நாங்கள் புருவம் சுருக்கிக்கொண்டிருந்தோம்.

அன்றிலிருந்து எனக்கு ஒரு இக்கட்டு. பிரசவ அறையில் வாயைத் திறந்தால் சபூராவுக்குக் கேட்கும். அதட்டல் தொண்டை வரைக்கும் வரும், எதிர் ஜன்னலைப் பார்ப்பேன், விழுங்கிக்கொள்வேன். 'கத்தும்மா, பரவாயில்லை' என்று ஒருத்தியிடம் சொன்னபோது கூட இருந்த நர்ஸ் கையிலிருந்த கிண்ணத்தைக் கீழே போட்டுவிட்டாள். தொண்டைக்கு ஏதாவது சுகக்கேடா என்று பெரிய டாக்டர் என்னிடம் விசாரித்தார். வேடிக்கை என்னவென்றால், யாரும் முன்பைவிட அதிகமாகக் கத்தவில்லை. சிலர் குறைவாகவே கத்தினார்கள். இத்தனை வருடம் தொண்டைத் தண்ணீரை நான் வீணாக்கியிருக்கிறேன்.

டைப் அடித்த தாளும் உதவவில்லை. கடற்கரை என்றதும் சபூராவுக்குக் குமட்டியது. அவளுக்குக் கடல் என்றால் துறைப்பக்கத்துச் சேற்று நாற்றம், அழுகிய மீன். பின்னே உனக்கு எங்கே இருந்தால் நிம்மதி என்று கேட்டேன். வெள்ளிக்கிழமை மத்தியானம் என்றாள். ஆண்கள் பள்ளிவாசலுக்குப் போய்விடுவார்கள். கீழே மண்டி சாத்தியிருக்கும். மிளகாய் நெடி அடங்கியிருக்கும். சிமெண்ட் தரையில் பாய்கூட விரிக்காமல் படுப்பாளாம். முதுகெல்லாம் குளிர்ச்சியாக இருக்குமாம். எப்போதாவது ஒரு கைவண்டி மட்டும் மூட்டைகளோடு சந்தில் கடகடவென்று வரும், வாசலைத் தாண்டும், போய்விடும்.

தாளை மடித்துப் பையில் வைத்தேன். கடற்கரைக்குப் பதில் சிமெண்ட் தரை. அலைக்குப் பதில் கைவண்டி. வலி என்பது ஒரு வண்டி. தூரத்தில் சத்தம் கேட்கும், கிட்டே வரும், வாசலுக்கு வரும்போது சத்தம் பெரிதாக இருக்கும், ஆனால் அது நமக்கு வந்த வண்டி அல்ல, போய்விடும். தினமும் காலையில் இருபது நிமிடம் இதைச் சொன்னேன். மூன்றாம் நாள் அவள் விரல்கள் தளர்ந்தன. இரண்டு வாரத்தில், நான் ஒரு வார்த்தை சொன்னாலே தானாகவே அந்த நிலைக்குப் போகப் பழகிவிட்டாள். சாப்பிட ஆரம்பித்தாள். பிரஷரும் கொஞ்சம் இறங்கியது. நாங்கள் கொடுத்த மாத்திரையும் அதற்கு உதவியிருக்கும். ஆனால் அந்த வயதில் நான் மாத்திரைக்குப் பங்கு கொடுக்கத் தயாராக இல்லை. எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. வார்டில் நான் நடக்கிற நடையே மாறிவிட்டது என்று ஆயா சொன்னாள்.

வலி எடுத்த அன்று காலை சபூரா சந்து வழியாகத் தன் காலாலேயே நடந்து வந்தாள். செய்தி போனதும் மயக்க டாக்டர் எர்ணாகுளத்திலிருந்து பஸ் பிடித்து வந்து சேர்ந்தார். அன்று அவருக்கு இங்கே வேலை இல்லை. மருத்துவச் சங்கக் கூட்டத்தில் கட்டுரை வாசிக்கவேண்டும் என்பது அவர் ஆசை. நோட்டுப் புத்தகத்தோடு வந்திருந்தார். மாமியார் உள்ளே விடாததால் வராந்தாவில் உட்கார்ந்து, மணிக்கு ஒரு தடவை கதவுக்கு இந்தப் பக்கம் எப்படி இருக்கிறது என்று கேட்டுக் குறித்துக்கொண்டார்.

இந்தப் பக்கம் அற்புதமாக இருந்தது. வலி வரும்போது சபூரா கண்ணை மூடுவாள், "வருது" என்பாள், மூச்சை மெல்ல விடுவாள், "போச்சு" என்பாள். பக்கத்து வார்டு நர்சுகள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். நான் கல்யாண வீட்டுக்காரிபோல் நின்றுகொண்டிருந்தேன்.

பதினோரு மணி இருக்கும். சபூரா கண்ணைத் திறக்காமல் சொன்னாள். "சிஸ்டரே, வண்டி நிக்குது."

"போயிரும். நீ தரையோட குளிர்ச்சிய நெனச்சுக்கோ" என்றேன்.

இந்த வாக்கியத்தைத்தான் நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். முப்பது வருடப் பணியில் நான் சொன்ன மிக மோசமான வாக்கியம் இதுதான். முன்பு ஏசியதெல்லாம் இதன் பக்கத்தில் நிற்காது. குரல் அவ்வளவு இதமாக இருந்தது.

அவள் நல்ல மாணவி. நான் சொன்னபடி குளிர்ச்சியை நினைத்தாள். ஐந்து நிமிடமோ ஆறு நிமிடமோ போயிற்று. நான் ஜன்னலோரம் துணி மடித்துக்கொண்டிருந்தேன். மறுபடி அதே அமைதியான குரல்.

"வாசல்லயே நிக்குது சிஸ்டரே. போகவே இல்ல."

துணியைப் போட்டுவிட்டு வந்து வயிற்றில் கை வைத்தேன். பலகை மாதிரி இருந்தது. வலி வரும்போது கர்ப்பப்பை இறுகும், வலி போனதும் இளகும். இது உங்களுக்குத் தெரியும். இளகும் என்று காத்திருந்தேன். இளகவில்லை. முகத்தைப் பார்த்தேன், சலனமே இல்லை. கையைப் பிடித்தேன், நாடி குதிரை மாதிரி ஓடியது. குழலை வயிற்றில் வைத்துக் குழந்தையின் துடிப்பைத் தேடினேன். கிடைத்தது. ஆனால் அது தயங்கித் தயங்கி வந்தது. வெளியே பெரிதாக ரத்தம் இல்லை. நஞ்சுக்கொடி குழந்தைக்கு முன்னாலேயே பிரிந்து, ரத்தம் உள்ளேயே தேங்கிக்கொண்டிருந்தது. பிரஷர் உள்ள பெண்களுக்கு இது வரலாம் என்று பாடத்தில் படித்திருந்தேன். வேறு எந்தப் பெண்ணாக இருந்தாலும் இந்நேரம் அலறியிருப்பாள். நானும் ஓடி வந்திருப்பேன். இவளை அலறாமல் இருக்கப் பழக்கியது நான்.

பெரிய டாக்டரைக் கூப்பிட்டேன். கூப்பிட்டேன் என்ன, கத்தினேன். பல வாரங்களுக்குப் பிறகு அந்த அறையில் நான் போட்ட முதல் பெரிய சத்தம் அது.

சபூரா கண்ணைத் திறந்துவிட்டாள். என் முகத்தைப் பார்த்தாள். இத்தனை நாள் போயிருந்த பயம் மொத்தமும் ஒரே நொடியில் திரும்பி வந்தது. ஒன்றுமில்லை, கண்ணை மூடு என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லியிருந்தால் கேட்டிருப்பாள். எனக்கு மனசு வரவில்லை.

"நீ சொன்னது சரி சபூரா. நான்தான் கவனிக்கல. ஆபரேஷன் பண்ணிப் புள்ளைய எடுக்கணும், உடனே. பயமா இருந்தா பயந்துக்கோ. எனக்கும் பயமாத்தான் இருக்கு."

அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். நகம் பதிந்த தழும்பு வெகுநாள் இருந்தது. அழுதாள், உம்மாவைக் கூப்பிட்டாள். கூப்பிடட்டும் என்று விட்டேன்.

பெரிய டாக்டர் வந்து வயிற்றைத் தொட்ட அடுத்த நொடி திரும்பி நடந்தார், ஆபரேஷன் அறைக்கு. மயக்க டாக்டர் வராந்தாவில் இருந்தார் என்பதை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு சிலிர்க்கும். வேறு நாளாக இருந்தால் அவர் எர்ணாகுளத்திலிருந்து வந்து சேர ஒரு மணி நேரமாவது ஆகியிருக்கும். அந்த ஒரு மணி நேரம் குழந்தைக்கு இருந்திருக்காது. கட்டுரை எழுதும் ஆசை ஒரு உயிரைக் காப்பாற்றியது. ஆகவே இளம் டாக்டர்களின் ஆர்வக்கோளாறைப் பார்த்துச் சிரிக்கும்போது அளவாகச் சிரியுங்கள். அவர் நோட்டுப் புத்தகத்தை வீசிவிட்டு உள்ளே ஓடினார். மாமியார் நாற்காலியை இழுத்து வழிவிட்டார்.

குழந்தை வெளியே வந்தபோது நீலமாக, துவண்டு கிடந்தது. என் கையில் கொடுத்தார்கள். சளியை உறிஞ்சி எடுத்தேன், முதுகைத் தேய்த்தேன், காற்றுக் கொடுத்தேன். ரொம்ப நேரம் என்று எனக்குத் தோன்றியது. கடிகாரத்தைப் பார்த்தவர்கள் மூன்று நிமிடம் என்றார்கள். முதலில் ஒரு விக்கல் மாதிரி வந்தது. அப்புறம் அழுகை. பெண் குழந்தை.

சபூராவுக்கு ரத்தம் நிறையப் போயிருந்தது. மண்டியில் மூட்டை தூக்குகிற சேட்டன்மார் வரிசையாக வந்து கை நீட்டினார்கள். கணவனும் கொடுக்க வந்தான். ஊசியைப் பார்த்ததும் மயங்கி விழுந்தான். அன்றைக்கு அந்தக் கட்டடத்தில் ஹிப்னாடிசம் இல்லாமலேயே சாய்ந்த ஒரே ஆள் அவன்தான். சாயங்காலத்துக்குள் சபூரா ஆபத்தைத் தாண்டிவிட்டாள்.

பெரிய டாக்டர் என்னை அறைக்கு வரச் சொன்னார். இரண்டு சாயா வந்தது. எனக்கும் ஒன்று சொல்லியிருந்தார். அதுவே பயமாக இருந்தது. பாதி குடித்த பிறகு கேட்டார்: "அவளை உறக்கினது சரி. நீ எதுக்கு உறங்கினே?"

மலையாளத்தில்தான் கேட்டார். எந்த மொழியில் சொன்னாலும் அதன் சூடு குறையாது. அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை, அன்றும், பிறகும்.

மயக்க டாக்டர் கட்டுரை வாசித்தார். சபூரா கதையை மறைக்காமல் வாசித்தார் என்பது அவருடைய பெருமை. பிறகு நாங்கள் இருவரும் உட்கார்ந்து, சொல்லும் வாசகங்களைத் திருத்தினோம். நின்று போகாத வலி, புதிய இடத்தில் வரும் வலி, என்னவோ சரியில்லை என்று மனசுக்குப் படுவது, இவை வந்தால் உடனே கண்ணைத் திறந்து உரக்கச் சொல்லவேண்டும் என்பதை ஒவ்வொரு நாளும் முதல் வாசகமாகச் சொல்லிக்கொடுத்தோம். எண்பதுகள் முழுக்க நான் இதைச் செய்தேன். எல்லோருக்கும் பலிக்கவில்லை. ஒருத்தி இருபது நிமிடமும் சிரித்துக்கொண்டே இருந்தாள். ஒருத்தி, பேசாம ஊசி போடுங்க சிஸ்டர் என்றாள். பலித்தவர்களை மற்றவர்களைவிட இரண்டு மடங்கு கவனித்தேன். அமைதியாகக் கிடக்கும் பெண்ணின் முகம் நமக்கு வேலை முடிந்துவிட்டதாகச் சொல்லும். அந்த முகத்தை நம்பாதீர்கள். வயிற்றில் கை வையுங்கள், நாடியைப் பிடியுங்கள்.

நான்காம் நாள், சபூரா தலையணையில் சாய்ந்து உட்காரும் அளவுக்குத் தேறியிருந்தாள். மாமியார் கஞ்சி எடுத்துவரப் போயிருந்தார். ஒப்புக்கொண்டுவிட வேண்டும் என்று போய் நின்றேன். அன்றைக்கு நீ முதல் தடவை சொன்னபோதே நான் வந்து பார்த்திருக்க வேண்டும், உன்னைச் சமாதானப்படுத்தியதுதான் தப்பு, உன் பிள்ளைக்கு ஏதாவது ஆகியிருந்தால் அது என்னால்தான் ஆகியிருக்கும் என்று, ஒத்திகை பார்த்து வைத்திருந்ததையெல்லாம் சொன்னேன். பரவாயில்லை சிஸ்டரே என்று சொல்வாள் என்று உள்ளுக்குள் எதிர்பார்த்திருப்பேன் போல.

அவள் குழந்தையின் காதோரத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"ரெண்டாவது தடவ எனக்குச் சொல்ல முடியாமப் போயிருந்தா?"

பதிலுக்காக அவள் காத்திருக்கவில்லை. தையல் இழுக்கிறது, இவளைக் கொஞ்சம் வாங்கிக்கொள்ளுங்கள் என்று குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டு, சுவரைப் பிடித்து மெல்ல எழுந்து குளியலறைக்குப் போனாள்.